தார்க்கம்புக்குக் குஞ்சம்

மருமவனே, ஒரு மாசம் வேலையே செய்யக் கூடாது, ஆனா பாக்கிறவன் கண்ணுக்கு ராவும் பகலும் உழைக்கிறதாத் தெரியணும். அப்படி ஒரு ஆசை எவனுக்காவது வந்தா, எடிட்டரை மாத்தி மாத்தி அமைக்கிறதை விடத் தோதான வழி உலகத்துல கிடையாது. இதை நான் உன்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டேன். பில்டு ஓடுற நேரமெல்லாம் மச்சுல இருந்து இறங்கி வந்து, திண்ணையில உக்காந்து நீ சொன்ன கதைகளைத்தான் இப்போ உனக்கே திருப்பிச் சொல்லுதேன். கோவப்படாத. உங்கம்மை எனக்குக் கூடப்பொறந்தவ. உன்னைக் கேலி பண்ண எனக்குப் பாத்தியதை உண்டு.

எதையும் முறையாச் செய்யணும், கேட்டியா. முதல்ல நிறத்துல ஆரம்பி. கருப்புத் தீம் போடு. கருப்புலயே எத்தனை கருப்பு உண்டோ அத்தனையும் போட்டுப் பாரு. அது சலிச்சா ஃபாண்டுக்குப் போ. ஃபிரா கோடுன்னு ஒண்ணு இருக்கு. ஆச்சரியக்குறியும் சமக்குறியும் பக்கம் பக்கமா வந்தா, ரெண்டையும் சேத்து, குறுக்க கோடு போட்ட ஒத்தை எழுத்தாக் காட்டும். அதைப் பாத்துக்கிட்டே ஒரு மத்தியானத்தைத் தள்ளலாம். அப்புறம் ப்ளக்இன். ப்ளக்இன் போடுறதுக்குன்னே தனியா ஒரு ப்ளக்இன் உண்டாம். கொஞ்ச நாள்ல அதை எழுதினவன் கைவிட்டுட்டான்னு சேதி வரும். உடனே மொத்தத்தையும் புதுசுக்கு மாத்திரு. டெர்மினலுக்கு அடியில ஒரு பட்டை கட்டி, கிட் கிளை பேரு, பேட்டரி, மணி, வெளிய மழையா வெயிலான்னு எல்லாத்தையும் அதுல வரவச்சிரு. ஜன்னலைத் திறந்தா தெரியுற மழைதான். ஆனா ஜன்னலைத் திறக்கிறவன் புரோகிராமர் இல்லையே.

கடைசியா, எடிட்டர் திறக்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு அளந்து பாக்கணும். நீ அளந்தே. 180-ல இருந்து 60-க்குக் கொண்டுவந்துட்டேன்னு படியிறங்கி வந்து சொன்னே. சந்தோசம். காலையில ஒரு தடவை திறக்கே, ராத்திரி வரைக்கும் மூடுறதில்ல. ஆக ஒரு நாளைக்கு 120 மில்லிசெகண்ட் லாபம். அதே நாள்ல டெஸ்ட்டை ஓடவிட்டுட்டுக் கீழ வந்து, காப்பி குடிச்சு, கோழிக்குத் தவிடு வச்சு, என்கிட்ட எலெக்‌ஷன் பேசி, மேல போயி, "இன்னும் ஓடுது மாமா"ன்னு திரும்பவும் வந்தே. அந்த நேரத்தை மட்டும் நீ ஏன்லே அளக்கலை?

ஏர் பூட்டாதவன் தார்க்கம்புக்குக் குஞ்சம் கட்டின கதை இது. கம்பு பாக்க லெச்சணமாத்தான் இருக்கும். மாடு தொழுவுலயே நிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ரேண்டல் மன்ரோன்னு ஒருத்தரு எக்ஸ்கேசிடிங்கிற பேருல கேலிச்சித்திரம் போடுதாருல்லா, அவரு 2013-ல ஒரு அட்டவணை போட்டாருன்னு நீதான் காட்டினே. ஒரு வேலையில எத்தனை செகண்ட் மிச்சமாகுது, அதை நாளைக்கு எத்தனை தடவை செய்யுதே, அஞ்சு வருசத்துக்குச் சேத்துப் பாத்தா மொத்தம் எவ்வளவு. அதுக்கு மேல நேரம் செலவழிச்சு அந்த வேலையைச் சீர் பண்ணினா நட்டம். ஒரு செகண்ட் மிச்சம், நாளைக்கு 50 தடவைன்னு வச்சுக்கோ. லீவு நாள் கழிக்காம அஞ்சு வருசத்துக்குப் பெருக்கினா 25 மணி நேரம் சொச்சம். ஒரு முழு நாள், அவ்வளவுதான். நீ படத்தைக் காட்டிச் சிரிச்சுட்டு, மேல போயி ஷார்ட்கட் எழுத உக்காந்துட்டே.

இப்போ அதே கணக்கை டெஸ்ட்டுக்குப் போடு. ஒரு தடவை ஓட எட்டு நிமிசம், நாளைக்கு ஆறு தடவை ஓட்டுதேன்னு வச்சுக்கோ. 48 நிமிசம். அதைப் பாதியாக் குறைச்சா நாளைக்கு 24 நிமிசம். வருசத்துல 240 வேலைநாள்னா 96 மணி நேரம். அஞ்சு வருசம் காத்திருக்க வேண்டாம், ஒரே வருசத்துல கைக்கு வந்துரும். அதுக்குப் பெரிய வித்தையும் வேண்டாம். தொட்ட ஃபைலுக்கு உள்ள டெஸ்ட்டை மட்டும் முதல்ல ஓட்டு. பைத்தான்ல பைடெஸ்ட்டு வச்சிருக்கேல்லா, போன தடவை தோத்ததை மட்டும் ஓட்டுன்னு சொல்ல அதுல ஒரு குட்டி ஆப்ஷன் இருக்கு. ஒவ்வொரு டெஸ்ட்டும் டேட்டாபேஸை அடியில இருந்து எழுப்புதா, இல்ல ஒரு தடவை எழுப்பினதை எல்லாம் பங்கு போட்டுக்கிடுதான்னு பாரு. இதுல நிறமும் கிடையாது, படம் புடிச்சு நாலு பேருக்குக் காட்டவும் முடியாது. அதனாலதான் உனக்குக் கை போக மாட்டேங்குது. எனக்குத் தெரியாதா.

அடுத்தது கீபோர்டு. இதுல மாமன்கிட்ட வாய் குடுக்காத. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல ரெமிங்டன்ல தட்டினவன் நான். உன் விரலுக்கு அடியில இன்னும் கிடக்கிற எழுத்து வரிசை, ஷோல்ஸ் அமைச்ச மெசினை ரெமிங்டன் கம்பெனி 1874-ல விக்க ஆரம்பிச்சப்போ வந்த வழிதான். ஆகஸ்ட் ட்வோராக்குன்னு ஒரு வாத்தியாரு, விரல் ஓட்டத்துக்குத் தோதா வேற வரிசை போட்டு 1936-ல பேட்டன்ட் வாங்கினாரு. நீ அதுக்கு மாறினே. பழைய பழக்கமும் போச்சு, புதுசும் வரல. அந்த வாரம் உன் மெயிலைப் படிச்சவன் பாவம். ரெண்டாப் பிளந்த கீபோர்டு வாங்கினியே, மணிக்கட்டு வலிக்காகன்னா அது நல்ல காரியம். உடம்புக்குச் செய்யுறதுல நான் குறுக்க நிக்க மாட்டேன். வேகத்துக்காகன்னு சொன்னேல்லா, அங்கதான் சிரிச்சேன்.

எங்க டைப்பிங் பரீட்சையில இங்கிலீஷ் லோயருக்கு நிமிசத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஹையர் வேகத்துல மணிக்கு 2,700 வார்த்தை அடிக்கலாம். நேத்து சாயங்காலம் நீ கமிட் பண்ணினது பதினோரு வரி, அதுல நாலு கமெண்டுன்னு நீயே சொன்னே. அப்போ உன் வேலை விரல்ல தங்கி நிக்கலை மருமவனே. அடுத்தவன் எழுதினதைப் படிக்கிறதுலயும், எங்க இருக்குன்னு தேடுறதுலயும், ஏன் ஒடைஞ்சுதுன்னு முழிக்கிறதுலயும் நிக்கி. எண்ணெய் போடணும்னா அங்க போடு. ஒரு ஃபங்ஷன் பேருல நின்னுக்கிட்டு அது பொறந்த இடத்துக்குத் தாவ ஒரு கீ, அதைக் கூப்பிடுறவன் யாரெல்லாம்னு காட்ட ஒரு கீ, மொத்த ப்ராஜெக்ட்லயும் ஒரு சொல்லைத் தேட ஒரு கீ. இந்த மூணும் தூக்கத்துலயும் விரலுக்கு வரணும். 2016-ல மைக்ரோசாஃப்ட் லாங்குவேஜ் சர்வர் புரோட்டகால்னு ஒண்ணை வெளியிட்ட பிறகு, இந்தத் தாவல் எல்லாம் அநேகமா எல்லா எடிட்டருக்கும் வந்துட்டு. எந்த எடிட்டர் ஒசத்தின்னு நீங்க போடுற சண்டைக்குப் பாதிக் காரணம் அன்னைக்கே போச்சு. இன்னும் ஏன் போடுதீங்கன்னா, சண்டை ருசி.

ஏன் ஒடைஞ்சுதுன்னு முழிக்கிறதுக்கும் மருந்து இருக்கு. போன மாசம் நல்லா இருந்தது, இப்போ இல்ல, நடுவுல ஆயிரம் கமிட்டுன்னு தலையில கை வச்சே. கிட் பைசெக்ட்டுன்னு ஒண்ணு கிட்டுக்குள்ளயே கிடக்கு. பாதியில வெட்டிப் பாத்து, அதுல பாதியில வெட்டிப் பாத்து, ஏறக்குறைய பத்து தடவையில குத்தவாளியைக் கையைப் புடிச்சுக் கொண்டுவந்துரும். டீபக்கர்ல, இந்த மதிப்பு வந்தா மட்டும் நில்லுன்னு நிபந்தனை போட்டு நிறுத்தலாம். இதெல்லாம் காசு குடுத்து வாங்க வேண்டாம், கட்டமைக்க வேண்டாம், முதல் நாளே வீட்டுக்குள்ள வந்து உக்காந்துருக்கு. நீ அதுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாம ஐம்பதாவது எக்ஸ்டென்ஷனை இறக்குதே.

இப்போ உன் விம் எடிட்டர் புராணம். விம்முன்னு நீ சொன்னப்போ உங்க அத்தை, பாத்திரம் தேய்க்கிறதைப் பத்திப் பேசுதேன்னுதான் நினைச்சா. அம்புக்குறி கீயைத் தொட மாட்டேன், ஹெச் ஜே கே எல் வச்சுத்தான் நகருவேன்னு விரதம் இருக்கியே, அது எதனால வந்ததுன்னு நீதானே சொன்னே? 1976-ல பெர்க்லியில பில் ஜாய், விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை எழுதினப்போ அவரு கையில இருந்தது ஏடிஎம்-3ஏங்கிற டெர்மினல். அதுல தனியா அம்புக்குறி கீயே கிடையாது. அம்பைக் கொண்டுபோய் ஹெச் ஜே கே எல் மேலதான் அச்சடிச்சிருந்தாவ. இருக்கதை வச்சு அவரு பொழைச்சாரு. உனக்கு நாலு கீயும் தனியாக் குடுத்திருக்கு, நீ கான்ஃபிக் எழுதி அதைச் சாகடிச்சுட்டே. கை எழுத்து வரிசையை விட்டு நகராம இருக்கிறது நல்லதுதான், டைப்பிங் பழகுற பிள்ளைகளுக்கு நானே அதைத்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா அதைப் பக்தியாக்காத.

அந்தக் கதையில ஒரு உருப்படியான சங்கதி இருக்கு. அந்த டெர்மினல்ல எஸ்கேப் கீ இன்னைக்கு டேப் இருக்கிற இடத்துல, விரலுக்குப் பக்கத்துல இருந்தது. கன்ட்ரோல் கீ, ஏ எழுத்துக்கு இடப்பக்கம், இன்னைக்கு கேப்ஸ் லாக் படுத்துக் கிடக்கிற இடத்துல. அந்தக் காலத்து எடிட்டரை இந்தக் காலத்து கீபோர்டுல வச்சா சுண்டுவிரல் நொந்துதான் போகும். அதனால கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாவோ கன்ட்ரோலாவோ மாத்துறதை மாமன் முழு மனசோட ஒத்துக்கிடுதேன். ரெண்டு நிமிச வேலை, ஆயுசுக்கும் பலன். பெரிய எழுத்துப் பூட்டு எங்களுக்குத் தலைப்பு அடிக்க வேணும். உனக்கு எதுக்கு?

ஆளாளுக்கு இஷ்டப்படி மாத்திக்கிட்டா என்ன ஆகும்னும் ஒரு பழைய சாட்சி இருக்கு. எம்ஐடியில எழுபதுகள்ல டெக்கோன்னு ஒரு எடிட்டர். ஆளுக்கு ஒரு மேக்ரோ மூட்டை கட்டி வச்சுக்கிட்டாவ. ஒருத்தன் டெர்மினல்ல இன்னொருத்தன் உக்காந்தா ஒண்ணும் விளங்காது. கை ஸ்டீல் அதையெல்லாம் சேத்து ஒழுங்குபடுத்த இறங்கினாரு, ரிச்சர்டு ஸ்டால்மன் அதை முடிச்சு வச்சாரு. 1976-ல ஈமாக்ஸ் பொறந்தது அப்படித்தான். பின்னால உலகத்துலயே அதிகமா மாத்தி அமைக்கப்படுற எடிட்டர்னு பேரு எடுத்ததும் அதேதான்! மனுசப் புத்தி மாறாது. போன வாரம் உன் கூட்டாளிப் பொண்ணு ஸ்கிரீனைப் பகிர்ந்துக்கிட்டு, "கர்சரை நான் நகர்த்தலாமா"ன்னு கேட்டுச்சே. நகர்த்தினதும் பாதி ஃபைல் காணாமப் போச்சு. உன் மேப்பிங் அப்படி.

ராத்திரி பன்னெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கிடும். அங்க உன் தீம் கிடையாது, ப்ளக்இன் கிடையாது, வெறும் விஐ நிக்கும். அங்க திறக்க, தேட, திருத்த, சேமிக்க, வெளிய வரத் தெரியணும். வெளிய வரத் தெரியணும்னு சொன்னதுக்குச் சிரிக்காத. விம்ல இருந்து எப்படி வெளிய வரதுங்கிற கேள்வியை 2017-க்குள்ள பத்து லட்சம் தடவைக்கு மேல வந்து பாத்திருக்காவன்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோக்காரங்களே சொன்னாவ. படிச்ச பிள்ளைகதான் எல்லாரும்.

பெரிய மனுசங்களும் கருவி செஞ்சிருக்காங்களே மாமான்னு கேப்பே. செஞ்சிருக்காங்க. டொனால்டு குனூத் கம்ப்யூட்டர் நிரலாக்கக் கலையைப் பத்திப் பல பாகமா எழுதிக்கிட்டு இருந்தாரு. மூணாம் பாகம் 1973-ல வந்துட்டு. ரெண்டாம் பாகத்தோட மறுபதிப்புக்கு 1977-ல அச்சுப்படி வந்தது. பாத்தா எழுத்து கண்றாவி. நானே அச்சுக்கோக்கிற புரோகிராம் எழுதிருதேன், 1978-ல கிடைக்கிற ஓய்வு வருசம் போதும்னு உக்காந்தாரு. டெக்ங்கிற அந்தப் புரோகிராமைத் தொட்டுத் திருத்தி ஓய 1989 ஆயிட்டு. நாலாம் பாகத்தோட முதல் பகுதி முழுப் புத்தகமா வந்தது 2011-ல. படிக்கக் காத்திருந்தவன் தலை நரைச்சிருக்கும். ஆனா கணக்கு வாத்தியாரு அநேகமா எல்லாரும் இன்னைக்கும் கட்டுரை அச்சடிக்கிறது அதை வச்சுத்தான். அவரு உலகத்துக்கு அதைக் குடுத்தாரு. நீ குடுத்தது ஊதா நிறத்துல ஒரு ப்ராம்ப்ட்.

லினஸ் டோர்வால்ட்ஸ் கதை வேற. லினக்ஸ் கெர்னல் கோடுல யாரு எதை மாத்தினான்னு கணக்கு வைக்க அவுக வச்சிருந்த பிட்கீப்பரை, அதைச் செஞ்சவங்க இனி இலவசமாத் தர மாட்டோம்னுட்டாவ. வேலை நின்னு போச்சு. 2005 ஏப்ரல் 3-ம் தேதி கிட்டை எழுத ஆரம்பிச்சாரு, 7-ம் தேதி கிட்டோட கோடையே கிட்டுக்குள்ள வச்சிட்டாரு. ஜூன் மாசம் கெர்னல் பதிப்பு ஒண்ணு அதை வச்சே வெளிய வந்துட்டு. அப்புறம் பராமரிப்பை இன்னொருத்தர் கையில குடுத்துட்டுத் தன் வேலைக்குத் திரும்பிட்டாரு. சரி, இவ்வளவு பெரிய ஆளு என்ன எடிட்டர் வச்சிருக்காருன்னு பாத்தா, எண்பதுகள்ல வந்த மைக்ரோ ஈமாக்ஸ், கை வச்சு ஒட்டுப்போட்டது. வேலை தடுக்கி விழுந்த இடத்துல கருவி செஞ்சாரு, தடுக்காத இடத்துல பழசோடயே காலத்தை ஓட்டுதாரு. எனக்கு இந்த ஆளைத்தான் புடிச்சிருக்கு.

உனக்குச் சாமியாத் தெரியுற பிராம் மூலனார் என்ன சொன்னாருன்னாவது கேளு. நெதர்லாந்துக்காரரு. 1991-ல விம்மை வெளியிட்டு, அதுக்குக் காசு கேக்காம, உகாண்டாவுல உள்ள பிள்ளைகளுக்கு முடிஞ்சதைக் குடுங்கன்னு கேட்ட மனுசன். 2023-ல காலமானாரு. எடிட்டரைத் திறம்படப் புழங்குறது பத்தி அவரு எழுதினதோட சாரம் இம்புட்டுதான்: எங்க நேரம் வீணாகுதுன்னு கவனி, அதுக்கு வேகமான வழி ஒண்ணைக் கண்டுபுடி, அது பழக்கமாகுற வரைக்கும் செய். அதுல எங்கயாவது முந்நூறு வரி கான்ஃபிக்கை அடுத்தவன்கிட்ட இருந்து அள்ளிக்கிட்டு வான்னு இருக்கா? முதல் படி கவனிக்கிறது. அதுக்கு ஒரு பென்சிலும் பழைய காலண்டர் தாளும் போதும். கீபோர்டு பக்கத்துல வை. எரிச்சல் வரும்போதெல்லாம் எதுக்கு வந்ததுன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு கோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதுக்கு நிறையக் கோடு விழுந்திருக்கோ அதை மட்டும் சரி பண்ணு. மத்தது அடுத்த வெள்ளி. கோடே விழாததைத் தொடாத, அது எவ்வளவு அசிங்கமா இருந்தாலும்.

உன் கான்ஃபிக்கை எல்லாம் புள்ளி வச்ச ஃபைல்ல வச்சிருக்கேல்லா, அதையும் சொல்லிருதேன். பேருக்கு முன்னால புள்ளி வச்சா கண்ணுக்குத் தெரியாதுங்கிற வழக்கமே பழைய யூனிக்ஸ்ல ஒரு குறுக்குவழியில தெரியாம வந்துட்டதுன்னு ராப் பைக் சொல்லியிருக்காரு. தெரியாத இடத்துல கிடக்கிறதாலதான் அதுல குப்பை சேருது. கிட்டுல போட்டு வை, மெசின் செத்தா மறுநாளே எழுந்திருக்கலாம். ஆனா பாஸ்வேர்டையும் டோக்கனையும் அதுக்குள்ள வச்சு ஊருக்குத் திறந்து விட்டுராத. ஒவ்வொரு வரிக்கும் மேல, இது எதுக்குன்னு ஒரு கமெண்டு எழுது. எதுக்குன்னு சொல்ல வராத வரியை அழிச்சிரு. பாதி ஃபைல் காலியாகும், நீ வேணா பாரு. எக்ஸ்டென்ஷன் விசயத்துலயும் சூதானமா இரு. உன்னால உன் மெசின்ல எதையெல்லாம் தொட முடியுமோ அநேகமா அதையெல்லாம் அதுவும் தொடும். ஊரு பேரு தெரியாதவனுக்கு வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு, ஐகான் அழகா இருந்துச்சு மாமான்னு சொல்லாத.

குறைஞ்ச பட்சம் உன் அரிப்பை நாலு பேருக்கு உதவுற இடத்துல சொறி. டேபா ஸ்பேஸான்னு நீங்க மீட்டிங் போட்டு அடிச்சுக்கிடுதீங்க. 2009-ல கோ மொழியை வெளியிட்டவுக கோஃபேம்ட்டுன்னு ஒரு ஃபார்மேட்டரையும் கூடவே குடுத்துட்டாவ. எல்லாரும் ஒரே மாதிரி, டேப்தான், பேச்சே கிடையாது. அந்த ஊர்ல சண்டை ஓஞ்சு போச்சு. அதனால ஃபார்மேட்டர், லிண்டர் அமைப்பை உன் வீட்டு ஃபைல்ல வைக்காம ப்ராஜெக்ட்டுக்குள்ள வை. டெஸ்ட் ஓட்ட, லோக்கல்ல எழுப்ப, டெப்ளாய் பண்ண ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அங்கயே போடு. புதுசா வர பிள்ளை முதல் நாளே கோடு ஓட்டிருச்சுன்னா, அதுதான் நீ பண்ணின கஸ்டமைசேஷன்லயே ஒசத்தி. இப்போ ஏஐக்கு உத்தரவு போடுற ஃபைல்னு ஒண்ணைப் புதுசா ஆரம்பிச்சு அதையும் நாளைக்கு மூணு தடவை திருத்துதே. அதுக்கும் அதே பென்சில், அதே தாள்.

குஞ்சமே கட்டாதன்னு நான் சொல்லல. ஞாயித்துக்கிழமை கட்டு, வேணும்னா மணியும் சேத்துக் கட்டு, ரசிக்கிறதுக்கு மாமன் வாரேன். ஆனா திங்கக்கிழமை ஸ்டாண்ட்அப்ல, டூலிங் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லி அதை வேலைக் கணக்குல எழுதாத.

சரி, டெஸ்ட் இந்நேரம் முடிஞ்சிருக்கும், மேல போ. சிவப்பா வந்திருந்தா தீமைக் குறை சொல்லாம, அந்த எர்ரர் மெசேஜைக் கடைசி வரி வரைக்கும் ஒரு தடவை படி.